சட்டமா, சமூகவியலா, முரண்பாட்டுத் தீர்வா? கொழுந்து மடுவத்தில் வைத்து ஒரு நிறுவை

அக்காவின் மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. கலைப்பிரிவில் நல்ல புள்ளி. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது என்றுதான் வீட்டில் தினமும் பேச்சு. சட்டம், பேராதனைக் கலைப்பீடத்துக்குப் போய் சமூகவியல், களனிப் பல்கலைக்கழகத்தில் ‘சமாதானமும் முரண்பாட்டுத் தீர்வும்’. கடைசியைக் கேட்டதும் அக்கா, “சண்டையை விலக்கிவிட நாலு வருசம் படிக்கணுமா? நம்ம தலைவர் அதைச் சும்மாவே செய்றாரே” என்றாள்.

தலைவர் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அக்கா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்த அலசல்.

எங்கள் ஆட்களுக்குப் பழகிய ஒரு தகராறை எடுப்போம். மழை நாள், பறித்த கொழுந்தை நிறுக்கிற கொழுந்து மடுவம், தராசு. கொழுந்து ஈரம் என்று இரண்டு கிலோ கழிக்கிறார்கள். ஒருத்தி எடுத்தது 19 கிலோ, நிறுவைத் துண்டுச் சீட்டில் விழுந்தது 17, நோம், அதாவது ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய அளவு, 18. அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்.

சட்டம் படித்தவர், கழிக்க யார் அதிகாரம் கொடுத்தது, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பார். துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லி, தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதுவார். சமூகவியல் படித்தவரின் கண் வேறு இடத்துக்குப் போகும்: கொழுந்து எடுப்பது பெண்கள், நிறுப்பதும் எழுதுவதும் பெரும்பாலும் ஆண்கள், இது எப்படி வந்தது? நல்ல கேள்விதான். ஆனால் அன்றைய அரைப் பேர் அரைப் பேராகவே நிற்கும்.

முரண்பாட்டுத் தீர்வு படித்தவர் முதலில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்பார். ‘கழிக்கவே கூடாது’, ‘கழித்தே ஆக வேண்டும்’ என்பதெல்லாம் வாயில் வருகிற நிலைப்பாடு. அதற்கு அடியில் இருக்கிற தேவை வேறு. பெண்களுக்கு முழுப் பேர் வேண்டும். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு, தண்ணீருக்குக் காசு கொடுத்த கணக்கு வரக் கூடாது. இப்படிப் பிரித்துவிட்டால் பேச இடம் கிடைக்கிறது: மழை நாளுக்கு நோமைக் குறைக்கலாம், கழிக்கும் அளவை எழுதி மடுவத்தில் ஒட்டலாம், நிறுக்கும்போது பெண்களில் ஒருவர் தராசடியில் நிற்கலாம். தலைவரும் இதைச் செய்வார்தான். ஆனால் அவர் சங்கத்துக்காரர். சந்தா கட்டாத பெண்ணுக்காக எவ்வளவு பேசுவார் என்பது ஊருக்கே தெரியும்.

இந்தப் படிப்பில் எனக்குப் பிடித்த இன்னொன்று, நோர்வேக்காரர் ஜோஹான் கல்டுங் 1969இல் முன்வைத்த ‘கட்டமைப்பு வன்முறை’ என்ற கருத்து. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஆனாலும் ஒரு கூட்டம் தலைமுறை தலைமுறையாக அடிபடுகிறது. லயத்துக் காம்பிராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பிறந்தவருக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் ஒரு தோட்டா இல்லாமல் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது.

சரி, அப்படியானால் களனியைத்தான் முதலில் போட வேண்டுமா? இங்கேதான் எனக்குத் தயக்கம். பேசித் தீர்ப்பதற்கு இரண்டு பக்கமும் ஓரளவாவது சமமாக உட்கார வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் கம்பனியும் இந்தப் பக்கம் நாட்கூலியும் இருந்தால், ‘இணக்கம்’ என்பது பல நேரம் இளைத்தவன் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான். 1,000 ரூபாய் நாட்சம்பளம், சங்கங்களும் கம்பனிகளும் பேசிப் போடுகிற கூட்டு ஒப்பந்தத்தில் வரவே இல்லை. 2021இல், சட்டப்படி சம்பளத்தைத் தீர்மானிக்கிற சம்பள நிர்ணய சபை வழியாக, வர்த்தமானியில்தான் வந்தது. அந்த வழியைத் திறக்கத் தெரிந்தவர் சட்டம் படித்தவர்.

சட்டத்திலும் சிக்கல் உண்டு. வெட்டுப்புள்ளி உயரம். பட்டம் முடித்தாலும் சட்டத்தரணியாக சட்டக் கல்லூரிப் பரீட்சை, பயிற்சி என்று இன்னும் காலமும் காசும் போகும். சமூகவியல் முடித்தவருக்கு ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பழகிய பாதை. களனிப் பட்டத்துக்கு அந்தப் பெயரிலேயே காத்திருக்கிற அரச வேலை குறைவு. சிறு தகராறுகளைப் பேசித் தீர்க்கிற இணக்க சபை இருக்கிறதே என்று கேட்கலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அந்தச் சபைகளில் உட்காருகிறவர்கள் தொண்டர்கள், சம்பளக்காரர்கள் இல்லை. என்.ஜி.ஓ. வேலை திட்டக் காசு இருக்கும் வரைதான்.

ஒரு விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நடுவில் நின்று பேசுகிறவருக்கு இரண்டு பக்கத்தின் மொழியும் வேண்டும். அட்டன் பஸ்ஸிலும் கடையிலும் சிங்களம் பழகிய எங்கள் பிள்ளைக்கு அதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. கொழும்பில் வளர்ந்த எத்தனையோ பேருக்கு அது இல்லை.

நான் சொன்ன வரிசை: சட்டம், களனி, அப்புறம் பேராதனை. சட்டம் கிடைத்தால் முரண்பாட்டுத் தீர்வைப் பிறகு டிப்ளோமாவாகக்கூடப் படிக்கலாம். அதைத் திருப்பிப் போடுவது கஷ்டம். பேராதனையைக் கடைசிக்குத் தள்ளியதில் அக்காவுக்குக் கோபம். அட்டனில் ரயில் ஏறினால் நேரே இறங்கலாமாம். மருமகள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, களனியை முதலில் போட்டிருக்கிறாள்.