கையடக்கக் கூலரா, பெரிய கூலரா, வெறும் மின்விசிறியா?

மேசை மேல் வைக்கும் சின்ன ஏர் கூலர் ஒன்றை வாங்கி ஒரு கோடை முழுவதும் ஓட்டினேன். அடுத்த கோடையில் 40 லிட்டர் தொட்டியுடன் பெரிய கூலர் ஒன்று வந்து ஜன்னலோரம் நின்றது. இவை வருவதற்கு முன்பும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, இப்போதும் சுற்றுகிறது. ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னதை வாங்கி ஏமாந்தவனின் அலசல் இது. என் ஓட்டு பெரிய கூலருக்கு, அதுவும் காற்று வறண்டிருக்கும் இடத்தில் மட்டும்.

விலை, எடை, இடம் என்று பார்த்தால் சின்னதுதான் வெல்லும். ஒரு கையில் தூக்கிக்கொண்டு அறை மாறலாம், கைப்பேசி சார்ஜரில் செருகி ஓட்டலாம். இதெல்லாம் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். படத்தில் தெரியாதது தண்ணீர்க் கணக்கு. வாங்குவதற்கு முன் இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் எனக்கு ஒரு கோடை மிச்சமாகியிருக்கும்.

கூலர் குளிர்விப்பது தண்ணீரை ஆவியாக்கித்தான், வேறு வித்தை ஏதும் இல்லை. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும் இதே முறையில்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 670 வாட்-மணி. எந்த நிறுவனம் செய்தாலும், பெட்டியின் மேல் எத்தனை பனிக்கட்டிப் படங்களை அச்சிட்டாலும், இந்த எண்ணைக் கூட்ட முடியாது.

என் சின்னக் கூலரின் தொட்டி அரை லிட்டர். ஒருமுறை நிரப்பினால் ஐந்து மணி நேரம் வரும் என்று பெட்டியிலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள், வரவும் செய்தது. அப்படியானால் மணிக்கு 100 மில்லி. அதிலிருந்து கிடைக்கும் குளிர்ச்சி 67 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் வெளியிடும் வெப்பமோ சுமார் 100 வாட். அறைக்குள் நான் நுழைந்து நாற்காலியில் அமர்ந்ததுமே கூலர் தோற்றுவிட்டது என்று பொருள். ‘நெடுநேரம் தண்ணீர் நிற்கும்’ என்பதை நான் நல்ல அம்சம் என்று நினைத்திருந்தேன். கூலரில் தண்ணீர் தீராமல் நிற்கிறது என்றால் அது வேலை செய்யவில்லை என்றல்லவா அர்த்தம்!

பெரிய கூலரையும் இப்படியே அளந்து பார்த்தேன். வெளிக்காற்று வறண்டிருந்த ஓர் இரவில் தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டுப் படுத்தேன். எட்டு மணி நேரம் கழித்து மீண்டும் நிரப்ப 24 லிட்டர் பிடித்தது. மணிக்கு மூன்று லிட்டர், அதாவது சுமார் 2,000 வாட் குளிர்ச்சி. ஒரு டன் ஏசியின் திறன் சுமார் 3,500 வாட் என்பதோடு ஒப்பிட்டால் இது சாதாரண எண் அல்ல. இதில் ஒரு பகுதி எதிர் ஜன்னல் வழியாகக் காற்றோடு வெளியேறிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிக் கழித்தாலும் 67 எங்கே, இது எங்கே?

‘ஐஸ் போட்டால் நன்றாகக் குளிருமே’ என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் போட்டேன். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுத்துக்கொள்வது 334 கிலோஜூல்தான். அதே எடைத் தண்ணீர் ஆவியாகும்போது எடுப்பதில் ஏழில் ஒரு பங்கு. முகத்தருகே பத்து நிமிடம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். அந்த ஐஸை உருவாக்கக் குளிர்பதனப் பெட்டி அதைவிட அதிக வெப்பத்தை அதே வீட்டுக்குள்தான் கொட்டியிருக்கும்.

எந்தக் கூலரானாலும் காற்றின் ஈரப்பதத்துக்குக் கட்டுப்பட்டது. வெப்பம் 38 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரத் துணி சுற்றிய வெப்பமானி ஏறத்தாழ 21 டிகிரி காட்டும்; தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விப்பதற்கு அதுதான் எல்லை. தண்ணீரில் நனையும் தேன்கூடு போன்ற அட்டை வைத்த நல்ல கூலர் 38க்கும் 21க்கும் உள்ள இடைவெளியில் முக்கால் பங்கைக் கடந்து 25 டிகிரிக் காற்றைத் தரும். 34 டிகிரியும் 70 சதவீத ஈரமும் என்றால் அந்த வெப்பமானி இறங்குவதே 29 டிகிரி வரைதான். அங்கே பெரிய கூலரும் மூன்று, மூன்றரை டிகிரி குறைத்துவிட்டுப் புழுக்கத்தைக் கூட்டும். என் பெரிய கூலரும் மழைக்கு முந்தைய அந்தப் புழுக்க வாரங்களில் தண்ணீர் இல்லாமல் வெறும் விசிறியாகத்தான் ஓடுகிறது.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது. ஈரமான நாளில் அதுவே போதும், கூடுதல் ஈரத்தையும் சேர்க்காது. தோலின் வெப்பமான சுமார் 35 டிகிரியைக் காற்று தாண்டிவிட்டால்தான் சிக்கல். அப்போது விசிறி அனலையும் சேர்த்து வீசும். கூலரின் அருமை தெரிவது அங்கேதான்.

சின்னக் கூலரை ‘மூடிய அறைக்கு ஏற்றது’ என்று விற்கிறார்கள். மூடிய அறையில் ஆவி எங்கே போகும்? சிறிது நேரத்தில் அறை பிசுபிசுத்துவிடும். ஜன்னலைத் திறந்தாலோ, அந்த 67 வாட் இருந்த இடம் தெரியாது. பெரியதற்கு ஒரு ஜன்னலின் வெளிக்காற்று உள்ளே வர வேண்டும், இன்னொன்று வழியே அது வெளியேற வேண்டும். அதற்கு வசதி இல்லாத அறையில் பெரியதையும் வாங்காதீர்கள்.

பராமரிப்பு இரண்டிலும் தொல்லைதான். உப்புத் தண்ணீர் என்றால் அட்டையில் வெள்ளைப் படிவு ஏறும். பெரியதன் அட்டையைக் கழற்றிக் கழுவலாம், பிறகு வேறு வாங்கியும் மாட்டலாம். சின்னதில் அட்டையின் வேலையைச் செய்வது ஒரு வடிகட்டி; அந்த மாடலுக்கென்றே செய்ததுதான் வேண்டும், அதுவும் இரண்டு மாதத்தில் வாடை அடித்தது. பெரியதில் வேறொரு கவலை உண்டு: தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை தொட்டியை முழுதாகக் காலிசெய்து தேய்த்துக் கழுவியாக வேண்டும். சோம்பேறிகளுக்கு மின்விசிறியே உத்தமம்.

குழாய் வழியே வெப்பத்தை வெளியே தள்ளும் நகர்த்தும் ஏசியை உறவினர் வீட்டில் இரண்டு இரவுகள்தான் அனுபவித்தேன். புழுக்கத்திலும் குளிர்ந்தது, சத்தம் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டு இரவை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை. ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் இல்லாத எதையும் ‘மினி ஏசி’ என்று யாராவது விற்றால், தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் வரும் என்று மட்டும் கேளுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து 670ஆல் பெருக்கினால் எத்தனை வாட் என்று வந்துவிடும்.

சின்னதைத் தூக்கி எறியவில்லை. வறண்ட மதிய வேளைகளில் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு எழுதும்போது அது சுகம்தான். அறையை மறந்துவிட்டு முகத்துக்கு மட்டும் என்று வாங்குபவருக்கு அது ஏமாற்றம் தராது. கூடவே வாங்கிய இரண்டாவது வடிகட்டி மட்டும் உறை பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.