விளம்பரமா, டிசைனர்களா: சின்ன ஹோஸ்டிங் தொழிலுக்கு எது கட்டுப்படியாகும்?

கோவையில் புதிதாக ஹோஸ்டிங் தொழில் (மற்றவர்களின் வெப்சைட்டையும் மெயிலையும் நம் சர்வரில் வைத்துக் கொடுப்பது) தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கஸ்டமர் எங்கிருந்து வருவார்? சர்வர், அதை நிர்வகிக்கும் சிபேனல் மென்பொருள், பில்லிங் எல்லாம் ஒரு வாரத்தில் தயாராகிவிடும். அப்புறம்தான் கடை காற்று வாங்க ஆரம்பிக்கும். நான் பார்த்தவரை பிரதான வழி இரண்டு. கூகுள் விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது ஒன்று. ஊரில் வெப்சைட் செய்து கொடுக்கும் டிசைனர்களைப் பிடிப்பது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இப்போது டிசைனர்கள் பக்கம் நிற்கிறேன். அதனால் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

விளம்பரத்தின் நல்ல பக்கம் தெரிந்ததுதான். காலையில் பணம் போட்டால் மதியமே போன் வரலாம், யார் தயவும் வேண்டாம். சிக்கல், ‘ஹோஸ்டிங்’ என்று தேடுபவருக்கு விளம்பரம் காட்ட அந்தச் சொல்லுக்குக் கொடுக்க வேண்டிய விலை. 2011-இல் வேர்ட்ஸ்ட்ரீம் நிறுவனம் கூகுள் விளம்பரத்தில் விலை அதிகமான சொற்களைப் பட்டியல் போட்டபோது இன்சூரன்ஸ், லோன், வக்கீல் வரிசையில் ஹோஸ்டிங்கும் முதல் பத்துக்குள் இருந்தது. அது டாலர் கணக்கு, நம் ஊர் விலை அவ்வளவு இல்லை. ஆனால் விளம்பர இடத்துக்கான ஏலத்தில் நம் பக்கத்தில் நிற்பது கோடாடி, ஹோஸ்டிங்கர் போன்ற பெரிய கம்பெனிகள்தான். டாட் காம் டொமைனை (வெப்சைட் முகவரியை) விற்பவர்கள் வாங்கும் மொத்த விற்பனை விலையே 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. அதை முதல் வருடம் இலவசமாகக் கொடுத்து ஆள் பிடிக்கும் கம்பெனிகளோடு நாம் விலையில் மோத முடியாது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் பிளான் வருடத்துக்கு 2,000 ரூபாய். கிளிக்குக்கு 50 ரூபாய், ஐம்பது கிளிக்கில் ஒருவர் வாங்குகிறார். அந்த ஒருவரைப் பிடிக்க 2,500 ரூபாய் போய்விட்டது. சர்வர் செலவையும் சேர்த்தால், அவர் இரண்டாம் வருடமும் பணம் கட்டினால்தான் போட்ட காசே திரும்பும். அதுவும் ஐம்பதில் ஒருவர் வாங்கினால்! எந்தத் தேடலுக்காக நம் காசு போயிருக்கிறது என்ற அறிக்கையைத் திறந்து பாருங்கள். ‘ஃப்ரீ ஹோஸ்டிங்’ என்று தேடியவர் இருப்பார். வேறொரு கம்பெனியின் லாகின் பக்கத்தைத் தேடி வழி தவறி வந்தவர் இருப்பார். காலேஜ் விழாவைத் தொகுத்து வழங்க ‘ஹோஸ்ட்’ தேடியவர்கூட இருப்பார். இவர்கள் தேடிய சொற்களை எல்லாம், நம் விளம்பரம் வரக்கூடாத விலக்குச் சொற்களாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். அது ஒரு தனி வேலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் தீர்மானிப்பது ரென்யூவல்தான். ஹோஸ்டிங்கில் முதல் வருடம் யாரும் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. அந்த கஸ்டமர் நான்கு ஐந்து வருடம் இருந்தால்தான் தொழில். வெளிநாட்டில் கார்டைச் சேமித்து வைத்தால் வருடா வருடம் தானாகப் பணம் போய்விடும், கஸ்டமருக்கு நினைவே இருக்காது. இங்கே 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே இ-மேண்டேட், அதாவது அதற்கான அனுமதி, பதிவு செய்திருக்க வேண்டும். நம் கஸ்டமர்களில் பலர் எப்படியும் ஜிபே, இல்லாவிட்டால் என்இஎஃப்டி. ஆக, ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் மெனக்கெட்டுப் பணம் கட்டினால்தான் ரென்யூவல் நடக்கும்.

அந்த நேரத்தில் விளம்பரத்தில் வந்தவர் என்ன செய்வார்? பில்லைப் பார்ப்பார், மறுபடியும் கூகுளில் தேடுவார், இன்னொரு கம்பெனியின் முதல் வருட ஆஃபரில் போய் நிற்பார். விலைக்காக வந்தவர் விலைக்காகப் போகிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. டிசைனர் மூலம் வந்தவரிடம் பேச்சே வேறு மாதிரி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ரென்யூவலுக்காக போன் செய்தால், “ஹோஸ்டிங்கா? அதெல்லாம் நம்ம டிசைனர் தம்பி பார்த்துக்கறாருங்க, அவருகிட்டயே கேட்டுக்கோங்க” என்பார்கள். தம்பியிடம் சொன்னால் மாலைக்குள் பணம் வந்துவிடும். தன் கையால் செய்த சைட் நின்றுபோவதை எந்த டிசைனரும் விரும்ப மாட்டார்.

ஆனால் டிசைனர்களோடு எந்த ஏற்பாட்டில் சேர்கிறோம் என்பது முக்கியம். பலர் அவர்களுக்கு ரீசெல்லர் கணக்கை (நம்மிடம் இடம் வாங்கி அவர்களே விற்கும் கணக்கை) கொடுத்து, “நீங்களே பில் போட்டுக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிடுகிறார்கள். நமக்கு வேலை மிச்சம்தான். ஆனால் ரென்யூவல் அவர் ஞாபகசக்தியை நம்பி நடக்கும். அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால் அத்தனை சைட்டும் அந்தரத்தில் நிற்கும். எனக்குப் பிடித்தது கமிஷன் முறை: பில் நேரடியாகக் கடைசி கஸ்டமருக்கு, நம் பெயரில். டிசைனருக்குக் கமிஷன் முதல் வருடம் மட்டுமல்ல, ஒவ்வொரு ரென்யூவலுக்கும். டபிள்யூஎச்எம்சிஎஸ் என்ற பில்லிங் மென்பொருளில், ஒரே ஒரு முறை மட்டும் கமிஷன் கொடு என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டாலே போதும். வருடா வருடம் சின்னத் தொகை வரும்போது, கஸ்டமரைத் தக்கவைக்கும் வேலையை டிசைனரே பாதி செய்துவிடுகிறார்.

டொமைன் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். டிசைனர்கள் அவசரத்தில் தங்கள் சொந்த இமெயிலைக் கொடுத்துப் பதிவு செய்துவிடுவார்கள். டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, காலாவதியாக ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போதும் ஒரு வாரம் இருக்கும்போதும் பதிவாளர் (டொமைனைப் பதிவு செய்து தரும் கம்பெனி) நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, டொமைன்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் விதி. அனுப்பவும் செய்வார்கள். அது டிசைனர் திறந்தே பார்க்காத பழைய மெயிலுக்குப் போய்க் கிடக்கும். டொமைன் காலாவதியாகிவிட, ஒரு நாள் காலையில் ஆர்டர் மெயில் எதுவும் வரவில்லை என்று கம்பெனிக்காரர் நம்மைத்தான் கத்துவார். கஸ்டமரின் பெயரும் மெயிலும் இல்லாமல் நான் டொமைன் பதிவு செய்வதில்லை.

டிசைனர்களை எப்படிப் பிடிப்பது? கமிஷன் சதவீதத்தைக் கேட்டு யாரும் மயங்குவதில்லை. பழைய சைட்டை நம் சர்வருக்கு இலவசமாக மாற்றிக் கொடுப்பதும், வாட்ஸ்அப்பில் இரவு பத்து மணிக்கும் பதில் சொல்வதும்தான் அவர்களுக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், மெயில் போய்ச் சேர வேண்டும். ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு சைட் அரை நாள் விழுந்தாலும் பரவாயில்லை, பையருக்குப் போன மெயில் ஸ்பேமில் விழுந்தால் டிசைனருக்கு நிம்மதி போச்சு. மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் போலி இல்லை என்று காட்டும் அமைப்புகள்) மூன்றும் வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஜிமெயில் கறாராக்கிய பிறகு, இவற்றைச் சரியாகப் போட்டுக் கொடுக்கும் ஆளுக்கே மதிப்புக் கூடிவிட்டது. எனக்கு வந்த டிசைனர்களில் நல்ல பாதிப்பேர் வேறெங்கோ மெயில் தகராறில் அலுத்து வந்தவர்கள்.

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. ஒரு டிசைனர் கோபித்துக்கொண்டால் அவர் கொண்டுவந்த சைட்டெல்லாம் ஒரே மாதத்தில் கிளம்பலாம். நேரடி பில் இருந்தால் கொஞ்சம் பேர் தங்குவார்கள், அவ்வளவுதான். போகிறவர்களுக்கு டொமைனை மாற்றத் தேவையான ரகசியக் குறியீட்டை இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள். டிசைனர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். இன்னொன்று, இது மெதுவான வழி. முதல் சில மாதங்கள் வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. கையில் பணமில்லாமல் தொடங்குபவருக்கு அது பெரிய சோதனை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லீடு (வாங்க விசாரிப்பவர்களின் விவரம்) விற்கும் டைரக்டரிகளில் ஒரே விசாரணை நாலைந்து பேருக்குப் போகும். போன் எடுத்ததும் “சும்மா ரேட் கேட்டேங்க”. ‘சிறந்த பத்து ஹோஸ்டிங்’ பட்டியல் எழுதும் தளங்களில் இடம் பிடிப்பது நம்மால் ஆகாது. ப்ளூஹோஸ்ட் என்ற பெரிய ஹோஸ்டிங் கம்பெனி, இப்படி ஆள் அனுப்புபவர்களுக்கு ஒரு விற்பனைக்கு 65 டாலர் கமிஷன் கொடுத்த சந்தை அது. லோஎண்ட்பாக்ஸ் மாதிரி தளங்களில் மலிவு விபிஎஸ் (ஒரு சர்வரைப் பிரித்துக் கொடுக்கும் தனிப் பங்கு) ஆஃபர் போடுபவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம். நான் விபிஎஸ் விற்பதில்லை, அதனால் அதில் என் பேச்சை நம்ப வேண்டாம்.

விளம்பரத்தை ஒரேயடியாக நிறுத்திவிடவும் இல்லை. ‘ஹோஸ்டிங்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘பிசினஸ் இமெயில்’ என்பதற்கு மட்டும், கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று ஊர்களுக்குள், சின்னத் தொகை போட்டு வைத்திருக்கிறேன். அதில் வருபவர்களிடம் முதலில் கேட்பது, “உங்க வெப்சைட் யாருங்க செஞ்சு கொடுத்தது?”