மீன் தொட்டிக்காக வீட்டுத் தளத்துக்கு முட்டுக் கொடுக்கிறீர்களா? பணம் கொடுக்கும் முன் வீட்டுக்கு அடியில் போய்ப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் பழைய பலகை வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு 2,800 வெள்ளி (ரிங்கிட்) போனது. பணம்கூடப் பரவாயில்லை. என் அப்பா தினமும் மத்தியானம் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் பாய் விரித்துப் படுப்பார். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். வேலையிலிருந்து நின்றதும் ஓர் அரோவானா மீன் வளர்க்க வேண்டும் என்றார். அவர் என்னிடம் கேட்டதே அது ஒன்றுதான். ஈப்போவில் ஒருவரிடம் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் பழைய தொட்டி ஒன்று வாங்கினேன். எங்கள் வீடு சிமெண்டுத் தூண்களின் மேல், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிற்கிறது. கீழே குனிந்து போகலாம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. விளிம்பு வரை நிரப்பாவிட்டாலும் இந்தத் தொட்டிக்கு 620 லிட்டர் பிடிக்கும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் 120 கிலோ. மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 850 கிலோவைத் தொடும். ஒரு சின்னக் கஞ்சில் காரை விட அதிகம். சாதாரண வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும் என்றுதான் கணக்குப் போடுவார்கள். தொட்டி உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூட. அதனால்தான் கீழிருந்து முட்டுக் கொடுக்க ஆள் தேடினேன்.

தெரிந்தவர் மூலம் ஒரு கொந்தராக்டர் வந்தார். "தம்பி, இந்த மாதிரி எத்தனை வீடு செஞ்சிருக்கேன், உங்க ரோட்டுலயே ரெண்டு வீடு" என்றார். பேசிக்கொண்டது இதுதான்: பலகையைத் தாங்கும் சட்டங்களுக்குக் குறுக்கே கெட்டி மரத்தில் ஓர் உத்தரம், அதன் கீழே நான்கு கால்கள், ஒவ்வொரு காலுக்கும் மண்ணைத் தோண்டிக் கான்கிரீட் அடித்தளம். முன்பணம் 2,000 வெள்ளி. நான் வேலைக்குப் போயிருந்த ஒரே நாளில் முடித்துவிட்டார். வீட்டைச் சுற்றிப் புதுப் பலகை அடித்து, அடிப்பக்கத்தை மறைத்து, பெயிண்டும் பூசியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. மீதி 800 வெள்ளியை அன்றைக்கே கொடுத்தேன். ரசீது கேட்டேன். அப்புறம் தருகிறேன் என்றார். ஒரே நாளில் கான்கிரீட் ஊற்றி, அது இறுகி, அதன் மேல் காலை நிறுத்த முடியுமா என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

தீபாவளி முடிந்து நல்ல மழை. ஒரு நாள் இரவு அப்பாதான் கவனித்தார். "தண்ணி ஒரு பக்கமா சாஞ்சிருக்குப்பா." தண்ணீர் சாயாது, தொட்டிதான் சாயும். அளந்து பார்த்தேன். வலது பக்கம் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை ஐந்தரை சென்டிமீட்டர், இடது பக்கம் நான்கு. இடது பக்கம் கீழே இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணனும் அவர் மகனும் ஓடி வந்தார்கள். மீனை நீலத் தோங்கில் (பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில்) விட்டு, காற்று மோட்டாரைப் போட்டு, குழாய் வைத்துத் தண்ணீரை இழுத்து இழுத்து வாளியில் கொட்டினோம். முடிக்கும்போது விடியற்காலை மூன்று மணி.

காலையில் அந்தப் பெயிண்டு அடித்த பலகையைப் பிடுங்கிவிட்டு, டார்ச் லைட்டோடு உள்ளே போனேன். கான்கிரீட்டே இல்லை. ஓட்டைச் சிமெண்டுக் கல்லை வெறும் மண்ணில் வைத்து, அதன் மேல் மெராந்தி மரத் துண்டுகளை நிறுத்தியிருந்தார். நான்கு கால் பேசி மூன்றுதான் இருந்தது. உயரம் போதாத இடத்தில் பிளைவுட்டை வெட்டி ஆப்பாகச் செருகியிருந்தார். மழையில் மண் இளகி, இடது பக்கக் கல் பாதி புதைந்து கிடந்தது. ஒரு காலில் அதற்குள் கறையான் ஏறியிருந்தது. போட்டோ அனுப்பினேன். "பழைய வீடு அப்படித்தான்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

பிறகு, தோட்டத்தில் இருந்த ஒரு வயதான ஆசாரி சரிசெய்து கொடுத்தார். வேலை நடக்கும்போது கூடவே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டடி தோண்டிக் கான்கிரீட் ஊற்றினார். ஒரு வாரம் அதைத் தொடவே விடவில்லை. காலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இரும்புத் தகடு வைத்தார், ஈரமும் கறையானும் மரத்தில் நேராக ஏறாமல் இருக்க. உத்தரம் சட்டங்களை இறுக்கமாகத் தொட்டால் போதும், தளத்தை மேலே தூக்கக் கூடாது என்றார். தொட்டியைப் பலகை ஓடும் திசையிலேயே, சுவரை ஒட்டி வைக்கச் சொன்னார். அப்படி வைத்தால்தான் எடை ஒரே சட்டத்தில் இறங்காமல் நான்கைந்து சட்டங்களில் பிரியும். தண்ணீரையும் மூன்று தடவையாக, இரண்டு நாள் இடைவெளி விட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்தே நிரப்பினோம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ரசீது இல்லாததால் வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய பதிவையும் போட்டோக்களையும் வைத்துத்தான் பேசப் போகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் மூன்று வருடத்துக்குள் போய்விடுங்கள்.

அந்தக் கொந்தராக்டர் எங்கள் ரோட்டில் செய்ததாகச் சொன்ன இரண்டு வீடுகளையும் தேடிப் போனேன். ஒரு வீட்டில் அடியில் போய்ப் பார்த்தோம், அதே ஓட்டைக் கல். அன்றைக்கே தொட்டியைக் காலி செய்துவிட்டார்கள். இன்னொரு வீடு பூட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாகத் தொட்டி விளக்கு எரிவது தெரிகிறது. வீட்டுக்காரர் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள், போன் நம்பர் யாரிடமும் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம், பச்சைக் கேட் போட்ட பலகை வீடு. அவரைத் தெரிந்தவர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்: முதலில் தண்ணீரைப் பாதிக்குக் கீழே இறக்கட்டும், தண்ணீரோடு ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டாம், கண்ணாடி முறுகி வெடித்துவிடும். ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.