குழாய் அரிப்பு: ஒற்றைக் கணக்கா, நிகழ்தகவா?

எண்ணெய், எரிவாயுக் குழாயை அடுத்து எப்போது சோதிப்பது? பழகிய வழி ஒற்றைக் கணக்கு, அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டுக் கணக்கிடுவது. சுவர் தடிமன் 10 மி.மீ., அரிப்புக் குழியின் ஆழம் 4 மி.மீ., வளரும் வேகம் ஆண்டுக்கு 0.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அரித்த குழாயின் வலிமையை மதிப்பிடும் ஏ.எஸ்.எம்.இ. பி31ஜி (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தரநிலை) விதிப்படி ஆழம் தடிமனில் 80%, அதாவது 8 மி.மீ., தாண்டக் கூடாது. மிச்ச ஆயுள் 20 ஆண்டு. அதில் பாதி என்று 10-ஆம் ஆண்டில் சோதனை. சுலபம், யாரும் சரிபார்க்கலாம்.

சிக்கல் உள்ளே போடும் எண்களில்தான். குழாய்க்குள் ஓடி, சுவரைக் காந்தமாக்கி உலோகம் குறைந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் காந்தப்புலக் கசிவுக் கருவி, ஆழத்தைப் பொதுவாகச் சுவர் தடிமனில் ±10% பிழையோடு சொல்லும். அதுவும் 80% நம்பகத்தில், அதாவது பத்தில் எட்டு அளவீடுகள்தான் அந்தப் பிழைக்குள் இருக்கும். குழி உண்மையில் 5 மி.மீ., வேகம் 0.4 மி.மீ. என்றால்? ஏழரை ஆண்டிலேயே எல்லை வந்துவிடும், சோதனைக்கு முன்பே! குழி நீளமானது என்றால் அழுத்தம் தாங்கும் திறன் இன்னும் சீக்கிரம் தீரலாம்.

நிகழ்தகவு முறை ஆழத்தையும் வேகத்தையும் ஒரே எண்ணாக இல்லாமல், எந்த மதிப்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் பரவலாக எடுத்து, மான்டி கார்லோ முறையில் (பரவலிலிருந்து எண்களைத் தற்செயலாக எடுத்து) பல்லாயிரம் தடவை கணக்கிட்டு, செயலிழப்பு வாய்ப்பு எந்த ஆண்டில் வரம்பைத் தாண்டும் என்று காட்டும். அப்புறம், அந்த வாய்ப்பைக் குழாய் உடைந்தால் வரும் விளைவோடு பெருக்கினால், குடியிருப்பை ஒட்டிய பகுதி சோதனை வரிசையில் முன்னுக்கு வரும். ஆனால் பரவலையே ஊகத்தில் போட்டால் அந்தத் துல்லியம் வெறும் வேஷம். இரண்டு சோதனைகளின் தரவாவது கையில் இருந்தால் நான் நிகழ்தகவு முறையைத்தான் எடுப்பேன். இல்லையென்றால், ஒற்றைக் கணக்கில் வேகத்தைக் கூட்டிப் போட்டு அடுத்த சோதனையைச் சீக்கிரம் முடிப்பதே மேல்.