வால்வ் மாற்றியதாக ஏமாற்றி 640 டாலர்: மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் உஷார்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரிதான் சான் அன்டோனியோ வந்து சேர்ந்தோம்.

எங்களுடையது பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி), ஃபோர்டு ஈ-450. பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். உள் டயரின் வால்வுக்குக் கை எட்டாது, காற்று பார்ப்பதே ஒரு வித்தை. டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகிறோமே என்று, வீட்டுக்கே மெக்கானிக்கை அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். பின்டயர் நான்குக்கும் நீளமான உலோக வால்வ், காற்றுச் சோதனை, எல்லாம் சேர்த்து 640 டாலர்.

வந்தவன் விஷயம் தெரிந்தவன். டயரில் பொறித்த நான்கு இலக்கத்தைக் காட்டி, முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம் என்று என் மகனுக்குப் பாடமே எடுத்தான். "சாதாரண ரப்பர் வால்வ் 65 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்துக்குத்தான், உங்களுக்கு 80 வேண்டும்" என்றான். அது உண்மைதான். அதைக் கேட்டுத்தான் நம்பித் தொலைத்தேன். அவனுக்கு ஃபில்டர் காபி போட உள்ளே போனேன். 40 நிமிடத்தில் வேலை முடிந்ததாம். ஆறு டயருக்கும் 80 என்று எழுதிய சீட்டைக் கொடுத்தான். வெளியே பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டேன். டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்காமல் வால்வை மாற்றவே முடியாது. நான்கு டயருக்கு 40 நிமிடமா? அப்போது உறைக்கவில்லை.

ஐ-10 சாலையில் ஜங்ஷன் தாண்டியதும் (ஊர் பெயரே அதுதான்) ரப்பர் கருகும் வாடை. ஓரம் கட்டுவதற்குள் வலப்பக்க வெளி டயர் வெடித்தது. உதவிக்கு வந்தவர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பழைய ரப்பர் வால்வ் அப்படியே இருக்கிறது! அதன் தலையில் கம்பி பின்னிய ஒரு ஹோஸைத் திருகிவிட்டிருக்கிறான். அந்த இணைப்பில் கசிந்து உள் டயர் காற்றே இல்லாமல் கிடக்க, இரண்டு டயரின் பாரத்தையும் வெளி டயர் ஒன்றே சுமந்திருக்கிறது. இரண்டுமே குப்பைக்குப் போயின. அந்தச் செலவு தனி. ஒரு ஹோஸுக்கா 640 டாலர்?

புகார் செய்தேன். முதலில் "வருந்துகிறோம்". அப்புறம் படம் கேட்டார்கள், 11 படம் அனுப்பினேன். அப்புறம் "சாலைப் பள்ளத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல". பள்ளம் எங்கே வந்தது? போன் செய்தால், மெக்கானிக் எங்கள் ஊழியர் இல்லை, அவரிடமே பேசுங்கள் என்கிறார்கள். அவன் போனை எடுப்பதில்லை. கடைசியில், அடுத்த முறை 25 டாலர் தள்ளுபடியாம். அடுத்த முறை!

வால்வ் பராமரிப்பு பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய பழைய வால்வைக் கேட்டு வாங்குங்கள். புறப்படும் முன், டயர் சூடேறாதபோது, ஆறையும் சொந்த கேஜில் பாருங்கள், தட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள். வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டால் கசிவு குமிழ் விடும். 80 இருக்க வேண்டிய டயர் 64க்குக் கீழே இறங்கி ஓடியிருந்தால், வெறுமனே காற்றடித்து ஓட்டாமல் கழற்றிக் காட்டுங்கள்.

640 டாலரைத் திரும்பக் கேட்டு கார்டு கம்பெனிக்கு இப்போதுதான் எழுதினேன். வேலை நடந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது அந்த 80, 80, 80 சீட்டுதான்.