மலைக்காற்றுக்கு எந்தக் கயிறு? பாராகோட், பொலியெஸ்டர், டைனீமா: டென்ட் இழுகயிறு ஒப்பீடு

டென்ட்டோடு வந்த இழுகயிறு பஞ்சாகிப் போனால் பலருடைய கை முதலில் பாராகோட்டுக்குத்தான், அதாவது பரசூட்டுக்கென்று வந்த நைலோன் கயிற்றுக்குத்தான், நீள்கிறது. காரணம் அதில் ஒட்டியிருக்கும் 550 என்ற எண். 550 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 250 கிலோ இழுவையைத் தாங்கும் என்று அர்த்தம். ஆனால் மலையில் கயிறு அறுந்து டென்ட் சாய்வது அபூர்வம். அதற்கு வெகு முன்பே ஈர மண்ணிலிருந்து முளை கழன்று வந்துவிடும், அல்லது துணியில் தைத்த காது கிழியும். ஆகவே அந்த எண்ணை மறந்துவிட்டு, நனைந்தால் கயிறு எவ்வளவு இளகும், பிளாஸ்டிக் இறுக்கியில் வழுக்குமா, முடிச்சு நிற்குமா என்று பாருங்கள்.

பாராகோட்டும் மெல்லிய நைலோனும்

பாராகோட் 4 மி.மீ. தடிப்பு, மீற்றருக்குச் சுமார் 7 கிராம். இரண்டு பேர் படுக்கும் இலகு டென்ட்டுக்கு ஆறு கயிறு, ஒவ்வொன்றும் இரண்டரை மீற்றர் என்று வைத்தால் 15 மீற்றர். நூறு கிராமுக்கு மேல் போய்விடும். நனைந்தால் பின்னலுக்குள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கனக்கும். டென்ட்டின் சின்ன இறுக்கிகள் பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. கயிற்றுக்கானவை, அவற்றுக்குள் இது நுழையவே மாட்டாது.

2 மி.மீ. நைலோன் கயிறு இறுக்கியில் நன்றாக உட்காரும். எடையும் மீற்றருக்கு 3 கிராம் அளவுதான். குறை அதன் பொருளில் இருக்கிறது. நைலோன் ஈரத்தை உறிஞ்சும் இழை. உறிஞ்சியதும் மென்மையாகி, அதே இழுப்புக்கு அதிகமாக நீளும். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் வைகாசி தொடங்கி மழைக்காற்று அடிக்கும்போது, மாலையில் தந்திபோல் கட்டிய கயிறு நடுச்சாமத்தில் தொய்ந்து கிடப்பது இதனால்தான். இரவில் ஒரு தடவையாவது எழுந்து இறுக்க வேண்டிவரும். அட்டைக்கடியோடு அந்த வேலை வேறு.

ஆனால் நைலோனை முழுதாகக் கழித்துவிடவும் முடியாது. அப்புத்தளை, மடூல்சீமைப் பக்கம் அதே மாதங்களில் மழை குறைவு, காற்று மட்டும் வெட்டி வெட்டி அடிக்கும். அங்கே நைலோனின் நெகிழ்ச்சி முளைக்கும் காதுக்கும் விழும் அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கயிறு காய்ந்தே இருந்தால் இது நல்ல குணம்.

பொலியெஸ்டர்

பார்வைக்கு நைலோன் மாதிரியே இருக்கும். எடையில் சற்றுக் கூடுதல், 2 மி.மீ. கயிறு மீற்றருக்கு 3 முதல் 3.5 கிராம் வரும். வித்தியாசம் தண்ணீரில் தெரியும். பொலியெஸ்டர் இழை ஈரம் உறிஞ்சுவது நூற்றில் அரைப்பங்கும் இல்லை, நனைந்தாலும் நீளம் மாறாது. நுவரெலியா உயரத்து வெயிலையும் நைலோனைவிட நன்றாகத் தாங்கும். இறுக்கியின் பல் பிடிக்கும் அளவுக்குச் சொரசொரப்பு உண்டு, சாதாரண முடிச்சுகள் எல்லாம் நிற்கும். மலையகத்து மழைக்கு, ஒரே ஒரு கயிறுதான் வாங்குவது என்றால், எங்கள் தேர்வு இதுதான்: 2 அல்லது 2.5 மி.மீ., பளிச்சிடும் நூல் சேர்த்துப் பின்னியது. அந்தப் பளிச்சிடும் நூல் அழகுக்கு அல்ல. மூடுபனியில் டோர்ச் அடித்தால் அது மின்னிக் கயிற்றைக் காட்டிக்கொடுக்கும். கயிறு தெரியாமல் தடுக்கி விழுவதுதான் டென்ட்டுக்கு நடக்கும் பெரிய விபத்து. ஹோட்டன் சமவெளியில் மரை மேய வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டைனீமா உள்ளிழை

டைனீமா என்பது மிகப் பலமான பொலியெத்திலீன் இழை. உள்ளே அது, வெளியே பொலியெஸ்டர் உறை என்று வரும் 2 மி.மீ. கயிறு மேலே சொன்னதைவிட இலகு, பல மடங்கு பலம், நீட்சி கிட்டத்தட்ட இல்லை. விலைதான் கடிக்கும். அந்த “நீளாமை” எப்போதும் நன்மையும் அல்ல. காற்று ஒரு வீச்சு அடித்தால் முழு அதிர்வும் அப்படியே காதின் தையலுக்குப் போகும். இதைக் கட்டுபவர்கள் முளைப் பக்கத்தில் 3 மி.மீ. இலாஸ்டிக் கயிற்றில் ஒரு சாண் வளையம் போட்டால் தையல் பிழைக்கும்.

உறையில்லாத வெறும் டைனீமா 1.5 மி.மீ. தடிப்பிலும் கிடைக்கும். மொத்தக் கயிறும் சேர்ந்து 20 கிராம் அளவில் முடிந்துவிடும். ஆனால் அது மெழுகு தடவியதுபோல் வழுவழுப்பு. போலைன் (இறுகாத வளையம் போடும்) முடிச்சு தானாக அவிழும், பெரிய இறுக்கியில் கயிறு நழுவி ஓடும், காற்றில் பிடித்து இழுத்தால் விரலை அறுக்கும். முடிச்சுக்குப் பதில் கயிற்றைக் கயிற்றுக்குள்ளேயே ஊசியால் நுழைத்துப் பிணைக்க வேண்டும். உள்ளே புதைக்கும் வால் பத்து செ.மீ.க்குக் குறையக்கூடாது. பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

ஹாட்வெயார் கடைக் கயிறு

அவசரத்துக்கு எந்தப் பட்டினத்திலும் கிடைப்பது பொலிப்ரொப்பிலீன் கயிறு. தண்ணீர் குடிக்காது, மலிவு. ஆனால் விறைப்பு, முடிச்சு கழலும், வெயிலில் கிடந்தால் தூளாக உதிரும். ஒரு பயணத்துக்குப் போதும். தும்புக்கயிறு, பருத்திக்கயிறு வேண்டாம். அவை நைலோனுக்கு நேர் எதிர். நனைந்தால் சுருங்கி முளையையே பிடுங்கும்.

மாற்றுவதற்கு முன் ஒரு சந்தேகம்

டென்ட் தொய்வதற்கெல்லாம் கயிறு காரணம் அல்ல. சில்நைலோன், அதாவது சிலிக்கோன் பூசிய நைலோன் துணியே நனைந்தால் நீளும். அப்படியான டென்ட்டில் டைனீமா கட்டினாலும் இரவில் தொய்வு வரும். கட்டி அரை மணி நேரம் கழித்து ஒரு தடவை இறுக்குவதுதான் வழி. சிலிக்கோன் பூசிய பொலியெஸ்டரான சில்பொலித் துணியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கயிறு தேய்வது மூன்று இடத்தில்: இறுக்கிக்குள் மடியும் இடம், முளையின் கொக்கி, துணியின் காது. இரண்டு நகங்களுக்கிடையே முழு நீளத்தையும் ஓட்டிப் பாருங்கள். தட்டையாகிப் பளபளத்தால், உள்ளிழை நெருடினால், மாற்ற வேண்டியதுதான். உறையில் மட்டும் லேசான பஞ்சு என்றால் தலைகீழாக மாற்றிக் கட்டினால் இன்னொரு பருவம் ஓடும்.

பழைய கயிற்றின் நீளத்தோடு முடிச்சுக்கு 30 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். நைலோன் என்றால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, எடை தொங்கவிட்டுக் காயப்போடுங்கள். உறை உள்ள கயிற்றில் வெட்டிய முனையில் உறையைக் கையால் தள்ளி உள்ளிழையை மூடிய பிறகே லைட்டரால் உருக்க வேண்டும். மூடாமல் உருக்கினால் இரண்டும் ஒட்டாது, ஒரு மாதத்தில் உறை பின்வாங்கி உள்ளிழை தனியாகத் தொங்கும். டைனீமா சுமார் 145 பாகை செல்சியஸில் உருகும், பொலியெஸ்டர் சுமார் 260-இல். அதனால் சுடரை நேரடியாகப் பிடிக்காமல் பக்கத்திலேயே காட்டுங்கள். வெட்டுவதற்குச் சவரத் தகடு. கத்தரிக்கோல் டைனீமாவில் வழுக்கும்.

காதில் போலைன், முளைப் பக்கத்தில் இறுக்கி. இறுக்கி உடைந்துவிட்டால், நகர்த்தி இறுக்கக்கூடிய டோட்லைன் முடிச்சு. உள்பக்கம் இரண்டு சுற்று, வெளியே ஒன்று. டைனீமா உள்ள வழுக்கும் கயிற்றில் உள்சுற்று மூன்றோ நான்கோ வேண்டும். மெல்லிய கயிறு பழைய இறுக்கியில் நழுவினால், இறுக்கியைத் தாண்டிய வாலில் ஒரு சறுக்கு முடிச்சு போட்டு நிறுத்தலாம்.

காற்று வரும் பக்கத்து இரண்டு கயிறுகளை மற்றவற்றைவிட அரை மீற்றர் நீளமாக விடுங்கள். கோணம் தாழ்ந்தால் இழுவை முளையை மேலே தூக்குவதை விடப் பக்கவாட்டில் இழுக்கும். பத்தனைப் புல்வெளியின் சதசதப்பில் முளை நிற்காத இடத்தில் அந்தக் கயிற்றை ஒரு கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு பெரிய கல்லை ஏற்றிவையுங்கள். கல்லின் விளிம்பு உரசும் இடத்தில் பழைய கயிற்றிலிருந்து உருவிய உறைத் துண்டைச் சுற்றிவிட்டால் போதும்.