எட்டு யூனிட் கிராவலும் ஒரு அளவு டேப்பும்

எங்கள் ஊரில் கல் கிடையாது. மன்னார்குடிப் பக்கம், சுற்றிலும் நஞ்சை. தோண்டினால் களிமண், இன்னும் தோண்டினால் இன்னும் களிமண். ஜல்லி வேண்டுமென்றால் புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரியிலிருந்து வரவேண்டும். கிராவலும் (பாதைக்குப் போடுகிற சரளை மண்) செம்மண்ணும் வல்லம், கந்தர்வகோட்டை மேட்டுப்பகுதியிலிருந்து வரவேண்டும். அதனால் இங்கே நாம் கொடுக்கிற காசில் பாதி மண்ணுக்கு, பாதி டீசலுக்கு.

பஞ்சாயத்து ரோட்டிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு 140 அடி மண்பாதை. ஐப்பசி பிறந்தால் அதில் செருப்பு நிற்காது. பால்காரர் ரோட்டிலேயே நின்று ஹாரன் அடிப்பார், நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் வாங்கி வருவேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், மாமியாருக்கு முழங்கால் வலி. ஆக கிராவல் அடிப்பது, கஜா புயலில் கூரை போன மாட்டுக்கொட்டகைக்குச் சுவர் வைத்துப் பூசுவது, இரண்டும் இந்த ஆவணியில் என் தலையில். இரண்டு சப்ளையர்களிடம் வாங்கினேன். முதல் ஆளைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை, பெயரும் வேண்டாம். இரண்டாவது ஆளின் பெயரையும் அவர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை.

முதல் ஆளுக்குப் போன் செய்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா குடுங்கம்மா." நான்தான் பேசுகிறேன் என்றேன். "லோடு ஒன்பதாயிரம். மூணு யூனிட் டிப்பர். நாளைக்குக் காலைல அடிச்சிடலாம்." சரி என்றேன். யூனிட் என்றால் 100 கன அடி என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது.

வண்டி வந்தது, கொட்டியது, காசை வாங்கிக்கொண்டு போனது. நடைச்சீட்டு கேட்க வேண்டும் என்றும் தெரியவில்லை. (குவாரியிலிருந்து எந்த மண், எவ்வளவு, எந்த வண்டியில், எங்கே போகிறது என்று எழுதின சீட்டு அது. அது இல்லாமல் வரும் வண்டியை வழியில் பிடித்தால் நம் லோடும் ஸ்டேஷனில் நிற்கும்.) இரண்டு ஆளை வைத்து ஒன்பது அடி அகலத்துக்கு அரையடி கனத்தில் பரப்பச் சொன்னேன். 45 அடி போனதும் குவியல் தீர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பிளஸ் டூ படிக்கிற மகன் நோட்டை எடுத்து உட்கார்ந்தான். 45 அடி நீளம், 9 அடி அகலம், அரையடி கனம்: பெருக்கினால் இருநூற்றிச் சொச்சம் கன அடி. அதாவது இரண்டு யூனிட். மூன்று யூனிட் வந்திருந்தால் 66 அடி வரைக்கும் போயிருக்க வேண்டும். மறுநாள் போன் செய்து இதைச் சொன்னேன். "இது லோடு கணக்கும்மா, அளவு கணக்கு இல்ல. வண்டியில வர்ற வழியில மண்ணு அமுங்கும்ல." அமுங்கும், உண்மைதான். மூன்றில் ஒரு பங்கு அமுங்குமா? சொல்லி வைத்திருந்த இரண்டாவது லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது ஆளைக் கொத்தனார் சொன்னார். ஒரத்தநாடு ரோட்டில் சின்ன யார்டு. நாலைந்து குவியல், ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். நேரிலேயே போனேன். லோடு 10,200 என்றார். முதல் ஆளைவிட ஆயிரத்து இருநூறு கூட. திரும்பிவிடலாமா என்று யோசிக்கும்போதே, "வண்டி வந்ததும் மேல ஏறி அளந்துக்கங்க அக்கா. அளந்தப்புறம்தான் கொட்டுவோம். அளவு பிடிக்கலன்னா திருப்பி அனுப்பிடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆர்டர் கொடுத்தேன்.

அவர் கேட்டவையும் சரியான கேள்விகள். பாதை எதன் மேல் வருகிறது? களிமண்ணா? அப்படியானால் கிராவலை நேராகக் கொட்டாதீர்கள், மழையில் களி மேலே ஏறி கிராவல் கீழே இறங்கிவிடும், முதலில் ஒன்றரை இன்ச் ஜல்லியைப் பரப்பி அதைக் களிக்குள் அமுக்குங்கள், அதற்கு மேல் கிராவல், தண்ணீர் தெளித்து ரோலர் என்றார். உங்கள் வீட்டு மதகு எவ்வளவு அகலம், டிப்பர் ஏறுமா? மேலே கரண்ட் கம்பி போகிறதா? பெட்டியைத் தூக்கினால் மாடி உயரத்துக்குப் போகும், கம்பியில் பட்டால் டிரைவர் உயிர் போய்விடும் என்றார். எங்கள் பாதையின் நடுவில் குறுக்கே கம்பி போகிறது. முதல் வண்டி அதற்கு நேர் கீழேதான் பெட்டியைத் தூக்கியது என்பது அப்போதுதான் உறைத்தது.

வண்டி வந்த அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும். சக்கரத்தில் கால் வைத்து ஏறினேன். டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும், கை கொடுத்தான். பெட்டியின் உள்நீளம் 14 அடி, உள்ளகலம் 7 அடி. வெளியே அளக்கக் கூடாது, உள்ளேதான். உயரத்துக்கு ஒரு கம்பியைக் கிராவலுக்குள் தரை தட்டும்வரை குத்தி, மண் மட்டத்தில் விரலை வைத்து உருவி, டேப்பில் பார்க்க வேண்டும். மூலைகளில் இரண்டே முக்கால் அடி, நடுவில் மேடாக மூன்றேகால். சராசரி மூன்று என்று வைத்தோம். 14, 7, 3: மொத்தம் 294 கன அடி. மூன்று யூனிட்டுக்கு ஆறு கன அடி குறைவு. யார்டுக்குப் போன் போட்டேன். "அடுத்த லோடுல சேத்து வைக்கிறேன்" என்றார். வைத்தார் என்று சொல்ல முடியாது, இரண்டாவது லோடும் அதே 294தான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆளிடம் கன அடி 45 ரூபாய் விழுந்தது, இவரிடம் 35. போனில் குறைவாகச் சொன்னவன்தான் விலை கூட.

இரண்டு லோடு கிராவலோடு பழைய இரண்டு யூனிட்டையும் சேர்த்தால் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நீளம், அகலம், கனம் பெருக்கினால் எனக்கு வேண்டியது 6.3 யூனிட்தான். ஆனால் ரோலர் ஓடினால் தளர்ந்த கிராவல் ஐந்தில் ஒரு பங்காவது இறங்கும், அதற்காகத்தான் யார்டுக்காரர் கூடுதலாக வாங்கச் சொன்னார். கணக்கு ஏறக்குறைய அப்படியே வந்தது.

இனி குறைகள். காலை ஏழு மணி என்று சொன்ன வண்டி ராத்திரி பத்தே முக்காலுக்கு வந்தது. நடுவில் நான்கு தடவை போன் செய்தேன், நான்கு தடவையும் "வல்லம் தாண்டிருச்சுக்கா." வல்லம் இவ்வளவு பெரிய ஊர் என்று எனக்குத் தெரியாது. அந்த இருட்டில் டார்ச் வெளிச்சத்தில்தான் அளந்தேன். திரும்பும்போது வேலிக் கிளுவையில் நாலைந்து போத்தை ஒடித்துவிட்டுப் போனார்கள். டிரைவர் பேட்டா 300 தனி என்பதை முன்னாடியே சொல்லவில்லை. இரண்டாவது லோடில் தென்னை மட்டை, வேர், தேங்காய் பருமனுக்கு உருண்டைக் கல் எல்லாம் இருந்தன. பொறுக்கி எடுக்கவே ஒரு ஆள் கூலி போனது. பில் கேட்டால் துண்டுச்சீட்டுதான். நடைச்சீட்டு மட்டும் கேட்பதற்கு முன்னாலேயே டிரைவர் காட்டினான்.

கொட்டகைப் பூச்சுக்கு ஒரு யூனிட் பி-சாண்டும் (கல்லை அரைத்துச் செய்கிற பூச்சு மணல்) இவரிடமே வாங்கினேன். அதில்தான் எனக்கு வருத்தம். வந்தபோது ஈரமாக இருந்தது. கழுவின மணல், அதனால் ஈரம் இருக்கும் என்றார். கழுவினது நல்லதுதான், கையில் தேய்த்தால் சாம்பல் மாதிரித் தூசி ஒட்டவில்லை. கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி ராத்திரி முழுக்க வைத்தேன், மேலே படிந்த சேறு விரல் நகக்கனம்கூட இல்லை. தரத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லேசான ஈரத்தில் மணல் உப்பும். வண்டியில் 100 கன அடி காட்டியது நாலு நாள் வெயிலில் காய்ந்ததும் கண்ணுக்கே தெரியும்படி இறங்கிவிட்டது. கன அடியில் வாங்கினால் இந்த நஷ்டம், எடைபோட்டு வாங்கினால் தண்ணீருக்கும் காசு. கொத்தனாரைக் கேட்டால், "ஆத்து மணலுக்கும் அப்படித்தான்க்கா, நீங்க இப்பத்தான் அளக்குறீங்க" என்று சிரிக்கிறார்.

தோட்டத்துக்குச் செம்மண் கேட்டபோது அவரே வேண்டாம் என்றார். உங்கள் களிக்குச் செம்மண்ணைவிட ஏரி வண்டலும் எருவும்தான் சேரும், வண்டல் வேண்டுமானால் தாசில்தாரிடம் அனுமதி கேளுங்கள், அனுமதி உள்ள ஏரியில் மண்ணுக்குக் காசு கிடையாது, டிராக்டர் வாடகை மட்டும்தான் என்றார். விற்கிறவர் விற்காமல் விட்டது இந்தத் தொழிலில் நான் பார்த்த ஒரே தடவை.

ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் இதை எழுதுகிறேன். பாதையில் ஜல்லி போட்ட 95 அடி கெட்டியாக நிற்கிறது. பால்காரர் வண்டியோடு கொட்டகை வாசல்வரை வருகிறார். ரோட்டோரம் உள்ள 45 அடியில், முதல் ஆளின் கிராவலை ஜல்லி போடாமல் நேராகக் களிமேல் பரப்பின இடத்தில், டயர் தடம் விழுந்து தண்ணீர் நிற்கிறது. அது அந்த ஆளின் குற்றம் இல்லை, எனக்கு விவரம் தெரியாதது. அளவு குறைந்தது மட்டும்தான் அவர் குற்றம்.

யார்டுக்காரருக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். நேரத்துக்கு வந்திருந்தால் நான்கு. தை அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் அந்த 45 அடியைக் கிளறி ஜல்லி போட இன்னொரு அரை லோடு சொல்லியிருக்கிறேன். கொட்டகை வெளிப்பூச்சுக்குப் பி-சாண்டும் வேண்டும், யார்டில் ஒரு வாரமாவது வெயிலில் கிடந்த குவியலிலிருந்துதான் அள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றிருக்கிறார். கிளுவை நட ஆள் அனுப்புவதாகவும் சொன்னார், அது இன்னும் வரவில்லை.